கடைசிப் பையில் போகவேண்டிய ரீசேர்ட்

"இல்லத்தில் வசிப்பவர் ஏதேனும் பக்திச் சபையிலோ சங்கத்திலோ படையணியிலோ அங்கம் வகித்தவராக இருந்து, உயிருடன் இருக்கும்போதே எழுத்தில் கேட்டிருந்தால், இறந்த பின் அவருக்கு அந்த அமைப்பின் உடையை அணிவிக்கலாம்."

நான் வேலை செய்த முதியோர் இல்லத்தின் உள்ளக விதிகளில் பதினான்காவது இது. இத்தாலியின் சிசிலித் தீவில், பலேர்மோ நகரின் கால்சாப் பகுதியில், கடலைப் பார்த்தபடி நிற்கும் பழைய மாளிகை ஒன்றில் அந்த இல்லம் இருக்கிறது. விதியை முதல்முறை வாசித்தபோது "உயிருடன் இருக்கும்போதே" என்ற சொற்கள் வீண் என்று நினைத்தேன். செத்தபிறகு விண்ணப்பம் எழுதிய ஒருவரையும் நான் அதுவரை கண்டதில்லை. அலுவலகங்களுக்கு அந்த வேறுபாடு அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

ஓய்வுபெற்று விட்டேன். எனக்குப் பதிலாக உடுப்பறையைப் பொறுப்பெடுத்திருப்பவள் ஜெசிந்தா. மன்னார்ப் பிள்ளை, பிள்ளை என்றாலும் ஐம்பது தாண்டிவிட்டது. இப்போது எல்லாவற்றையும் ஒரு கண்ணாடிப் பலகையில் விரலால் தட்டிப் பதிகிறார்களாம். "கடைசி உடை" என்ற இடத்தில் தட்டினால் மூன்று தெரிவுகள் வருமாம்: சூட், கவுன், மற்றவை. "அக்கா, 'மற்றவை' எண்டா என்னெண்டு இஞ்சை ஒருத்தருக்கும் தெரியாது. நீங்கள்தான் எழுதித் தரவேணும்" என்றாள். எங்கள் தமிழ்ப் பங்குக் கோயிலின் ஆண்டு மலருக்கும் கட்டுரை ஒன்று வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். இரண்டுக்கும் ஒன்றாக இதை எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலம் மன்னார் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச செயலகத்தில், கழிந்தது. எழுதுவினைஞராகச் சேர்ந்து, அரச ஊழியருக்கான தாபன விதிக்கோவையை மற்றவர்கள் செபப்புத்தகம் வாசிப்பதுபோல வாசித்தேன். ஊரில் சண்டை பெருத்தபிறகு பலேர்மோவுக்கு வந்தேன். வந்ததும் எல்லாரையும் போல ஒரு சின்யோராவின் வீட்டில் தூசி தட்டினேன், அவவின் நாயைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன், பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதிக்காகக் குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்தின் வாசலில் வரிசையில் நின்றேன். என் படிப்பை அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அயன் பண்ணத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். இல்லத்தின் உடுப்பறைக்கு அப்படித்தான் போனேன். அதற்குமேல் என் கல்வி வளர்ச்சியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

உடுப்பறை வேலை என்றால் துவைப்பது என்று வெளியே நினைக்கிறார்கள். துவைப்பது மெசின். எங்கள் வேலை, எது யாருடையது என்பதை ஒருபோதும் தவறவிடாமல் இருப்பது. புதிதாக ஒருவர் வந்தால் முதல்நாளே அவருடைய ஒவ்வொரு உடுப்பிலும் உட்பக்கக் கழுத்தில் இலக்கம் பொறித்த நாடாவைச் சூடுவைத்து ஒட்டவேண்டும். காலுறைக்கும் உண்டு. கம்பளி வேறு, பருத்தி வேறு, அச்சுப் படம் உள்ளவை வேறு. படம் உள்ளதைப் புறம்மாற்றிக் குளிர்ந்த நீரில் போடவேண்டும். படத்தின்மேல் ஒருபோதும் அயன் படக்கூடாது, மறுபக்கத்தால்தான் தேய்க்கவேண்டும்.

பிறகு, கடைசிப் பை. சிசிலிக்காரர் இந்த விசயத்தில் எங்களைவிட ஒழுங்கானவர்கள். இல்லத்துக்கு வரும்போதே தாங்கள் பெட்டிக்குள் படுக்கும் உடுப்பை ஒரு துணிப்பையில் கொண்டுவந்து தந்துவிடுவார்கள். ஆண்களுக்குக் கறுப்புச் சூட், வெள்ளைச் சேர்ட், புதுக் காலுறை. பெண்கள் சிலர் வருடாவருடம் வந்து பையைத் திறந்து பார்த்து, "இது எனக்கு இப்போது பெரிது" என்று ஒடுக்கித் தரச் சொல்வார்கள். பையின் வாயை இல்லத்தின் பணிப்பாளர் முன்னிலையில் தைத்து மூடுவேன். உள்ளே இருப்பதை மாற்ற வேண்டுமானால் அவருடைய அனுமதி வேண்டும். ஒருவர் இறந்தால், ஆசுப்பத்திரி வைத்தியர் வந்து போனபின், தையலை வெட்டி உடுத்தி, பெட்டியைத் திறந்தபடி சிற்றாலயத்தில் வைப்போம். மற்றவர்கள் சக்கர நாற்காலிகளில் வரிசையாக வந்து முகம் பார்ப்பார்கள். உடுப்பைப் பற்றிக் கருத்தும் சொல்வார்கள்.

பதினான்காம் விதி என் காலத்தில் இரண்டுமுறை பயன்பட்டது. ஸ்ஃபெர்ராகவால்லோவிலிருந்து வந்த மீனவர் ஒருவர் பெரிய வெள்ளியன்று ஆண்டவரின் சிலையை, சுரூபத்தை, தோளில் தூக்கும் சபைக்காரர். சபை அங்கியோடுதான் போவேன் என்றார், போனார். இன்னொருவர் இறகு வைத்த தொப்பி அணியும் படையணியில் இருந்தவர். தொப்பியைத் தலையில் வைத்தபோது இறகு பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பெட்டி மூட வந்தவர் இறகைக் கத்தரிக்கலாமா என்று கேட்டார். பணிப்பாளர் தன் கையாலேயே அதை வளைத்து, தலையணையின் கீழ் செருகினார். "படையணி படையணிதான்" என்றார்.

பணிப்பாளரைப் பற்றிச் சொல்லவேண்டும். மெலிந்த பெண்; எப்போதும் நீலக் கம்பளிச் சட்டை. மேசையில் ஒரு பென்சிலும் ஒரு கிளாஸ் தண்ணியும் தவிர வேறொன்றும் இராது. ஒருவர் எதையாவது கேட்க உள்ளே போனால், ஆம் என்று சொல்வதானால் கதிரையில் இருந்தபடி சொல்வார். இல்லை என்று சொல்வதானால் கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து நிற்பார். மறுக்கப்படுகிறவருக்கு அது ஒரு மரியாதையாம். கதிரைக் கால் நிலத்தில் உரசும் சத்தம் கேட்டாலே நாங்கள் வாசலுக்குத் திரும்பிவிடுவோம். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. அவ்வளவு நாகரிகமாக மறுக்கத் தெரிந்த ஒருவரை நான் கச்சேரியிலும் கண்டதில்லை.

இனி பிரெண்டனைப் பற்றி. அயர்லாந்துக்காரர். டப்ளினில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர்; பிறகு பலேர்மோவுக்கு வந்து பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்து, கால்சாவிலேயே வயதாகி, இல்லத்துக்கு வந்து சேர்ந்தார். உடன்பிறந்தாளின் மகன் ஒருவன் அயர்லாந்தில் இருந்தான். நத்தார்ப் பண்டிகைக்கு வாழ்த்து அட்டை அனுப்புவான். பிரெண்டன் பூசைக்கு வரமாட்டார். சிற்றாலயத்தில் நடக்கும் எங்கள் பாடற்குழுப் பயிற்சிக்கு மட்டும் வந்து பின்வரிசை வாங்கிலில் அமர்ந்து, நாங்கள் எங்கே சுருதி விட்டோம் என்று பிறகு சொல்லுவார். என்னுடன் ஆங்கிலமும் இத்தாலியனும் கலந்து கதைப்பார். இங்கே தமிழில் தருகிறேன்.

அவருடைய கடைசிப் பையில் சாம்பல் நிறச் சூட் ஒன்று இருந்தது. அவர் வந்த அன்று நானே தைத்து மூடினேன். சில வருடங்கள் கழித்து, ஒரு மாசி மாதத்தில், அவருக்கு டப்ளினிலிருந்து பார்சல் ஒன்று வந்தது. உள்ளே ஒரு ரீசேர்ட், முன்னால் படம் அச்சடித்த அரைக்கைப் பருத்திச் சட்டை. இலக்க நாடா ஒட்டுவதற்காக அதை உடுப்பறைக்குக் கொண்டுவந்தவள், அப்போது மாடிகளில் வேலை செய்துகொண்டிருந்த ஜெசிந்தா.

"அக்கா, இஞ்சை பாருங்கோவன். இந்த மனுசன்ர ரீசேர்ட்டிலை சுற்றுப்பிரகாரம் போகுது."

"என்ன சுற்றுப்பிரகாரம்?"

"அயர்லாந்திலை ஏதோ மாதா. முன்னுக்கு ரெண்டு பேர் பதாகை பிடிக்கினம், பின்னாலை சனம் நடந்து வருது. எங்கட மடு மாதா கோயிலிலை மாதிரித்தான்."

"சுரூபம் எங்கை?"

"படத்துக்கை வரேல்லை. பின்னாலை வரும்."

நானும் பார்த்தேன். பழைய கறுப்பு வெள்ளைப் படம். மழைக்கோட்டுப் போட்டவர்கள் தெருவில் நடந்து வருகிறார்கள். கீழே எழுதியிருந்தது ஐரிஷ் மொழி. எங்கள் இருவருக்கும் தெரியாது. பதாகை பிடித்துத் தெருவின் நடுவே சனம் நடந்தால் எங்கள் ஆட்களுக்கு அது திருவிழாதான். ஜெசிந்தா பின்னேரத்துக்குள் மூன்று மாடிக்கும் சொல்லிவிட்டாள்: அயர்லாந்துக்காரர் இவ்வளவு நாளும் வாய் திறக்காவிட்டாலும் தன்னுடைய ஊரில் ஒரு மாதா சபைக்காரர்.

அடுத்தநாள் பிரெண்டன் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு உடுப்பறைக்கு வந்தார்.

"சின்யோரா, என்னுடைய கடைசிப் பையைத் திறக்கவேண்டும்."

"அவசரமா?"

"உங்களுக்குத்தான் தெரியும். நீங்கள்தான் உடுத்திவிடுகிறவர்."

ரீசேர்ட்டை மேசையில் விரித்து, படத்தில் விரலை வைத்து விளங்கப்படுத்தினார். ஆணை நேசிக்கும் ஆண்களும் பெண்ணை நேசிக்கும் பெண்களும் டப்ளின் தெருவில் வெளிப்படையாக நடந்த ஆரம்பகால ஊர்வலங்களில் ஒன்று அது. அந்த நாட்களில் ஆண்களுக்கு அது அங்கே சட்டப்படி குற்றம். எனக்கு அந்தச் சட்டத்தை அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை; அதே வெள்ளைக்காரன் எழுதியது எங்கள் தண்டனைச் சட்டக்கோவையிலும் இருந்தது. இவர் சேர்ந்திருந்த சிறிய சங்கம் ஒன்றுதான் அந்த ஊர்வலத்தில் பதாகை பிடித்தது. மிஞ்சியிருக்கும் அங்கத்தவர்கள் அதன் நினைவாக ரீசேர்ட் அச்சடித்து ஆளுக்கொன்று அனுப்பியிருந்தார்கள்.

"இதில் நீங்கள் எங்கே?"

இரண்டாம் வரிசையில் ஒருவரைக் காட்டினார். அந்த ஆளுக்கு முகம் இல்லை. கையில் பிடித்திருந்த அட்டையை முகத்துக்கு நேரே உயர்த்தியிருந்தார்.

"பத்திரிகைக்காரன் கமராவைத் தூக்கினான், நான் அட்டையைத் தூக்கினேன். துறவிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் வேலை. பக்கத்தில் நிற்கிற பெண்ணைப் பாருங்கள், சிரிக்கிறாள். அவளும் வாத்திதான். அடுத்த கிழமை அவளுக்கு வேலை இல்லை. எனக்கு இருந்தது."

"பிறகு?"

"பிறகு சட்டம் மாறியது. நாடே வாக்குப்போட்டு எங்களுக்குக் கலியாணம் கட்டும் உரிமையும் தந்தது. அப்போது நான் இங்கே வந்துவிட்டேன், கட்டுவதற்கும் ஒருவரும் மிச்சமில்லை." ரீசேர்ட்டைத் தூக்கித் தன் நெஞ்சில் வைத்துப் பிடித்தார். "இப்படி. கீழே அந்தப் படம், மேலே என்னுடைய முகம். திறந்த பெட்டி. எல்லாரும் வந்து பார்க்கவேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்."

அந்தப் படத்தைப் பற்றி எனக்கு ஒன்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை. பதினான்காம் விதியைச் சொன்னேன். சங்கம், அங்கத்தவர், எழுத்தில் வேண்டுகோள், உயிருடன் இருத்தல். எல்லாம் பொருந்தின. அங்கேயே இருத்தி எழுதுவித்துக் கையெழுத்து வாங்கினேன்.

பணிப்பாளரிடம் கொண்டுபோனபோது அவர் வாசிக்கவே இல்லை. "அயர்லாந்துச் சபையா? ஜெசிந்தா சொன்னாள். எவ்வளவு அழகு. எந்த மாதா?" என்று கதிரையில் இருந்தபடியே பென்சிலை எடுத்தார். நான் "வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள், சின்யோரா" என்றேன். "பின்னேரம் வாசிக்கிறேன். ஆனால் ஆம் என்று சொல்லிவிடுங்கள்" என்றார்.

பிரெண்டனிடம் போய்ச் சொன்னேன். "ஆம் என்றுவிட்டார். மாதா சபை என்று நினைத்திருக்கிறார். நீங்கள் எழுதியதைப் பின்னேரம் வாசித்தாலும் அதில் சங்கத்தின் பெயர் ஐரிஷ் மொழியில்தான் இருக்கிறது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, நான் தண்ணி கொடுக்க வேண்டியதாயிற்று.

"என் அம்மாவும் இதைத்தான் நினைத்தார், தெரியுமா? படம் பேப்பரில் வந்தபோது என் கையைக் கண்டுபிடித்துவிட்டார். கைக்கடிகாரம் அவர் வாங்கித் தந்தது. இது என்ன ஊர்வலம் என்று கேட்டார். கோயில் ஊர்வலம் என்றேன். சாகும்வரை அப்படியே நம்பினார், சின்யோரா. அதே பொய்யைப் பெட்டிக்குள்ளும் போட்டுக்கொண்டு படுக்கச் சொல்கிறீர்களா?"

"அப்படியானால் ஒரு வழி இருக்கிறது. உள்ளே ரீசேர்ட், மேலே சேர்ட்டும் சூட்டும். ஒருவரிடமும் கேட்கத் தேவையில்லை."

"உள்ளேயா?" என்றார். "நாற்பது வருடம் உள்ளேதான் போட்டுக்கொண்டு திரிந்தேன்."

நடைவண்டியைத் திருப்பிக்கொண்டு பணிப்பாளரின் அறைக்குப் போனார். நான் பின்னால் போனேன். கதவு திறந்திருந்தது. அவர் எல்லாவற்றையும் சுருக்கமாக, நல்ல இத்தாலியனில், வகுப்பில் பாடம் சொல்வதுபோலச் சொல்லி முடித்தார். பிறகு கதிரைக் கால் உரசியது.

"சின்யோர் பிரெண்டன், உங்களுடைய நேர்மைக்கு நன்றி" என்று பணிப்பாளர் நின்றபடி சொன்னார். "நான் உங்களை அவமதிக்கவில்லை. விதி பொருந்துமா என்று எனக்கே ஐயம். அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் எனக்கு இல்லை. இல்லத்தை நடத்தும் அறக்கட்டளையின் ரோம் தலைமை அலுவலகத்திடம் கேட்போம். பதில் வரும்வரை பையில் ஏற்கெனவே இருப்பதுதான் செல்லும்."

"பதில் எப்போது வரும்?"

"வரும்போது."

மீனவரின் அங்கிக்கு இவர் தலைமை அலுவலகத்தைக் கேட்கவில்லை. இறகுத் தொப்பிக்கும் கேட்கவில்லை. அதை நான் அங்கேயே சொன்னேன். அவர் நின்றபடியே எனக்குத் தலையசைத்தார். "நல்ல வாதம். கடிதத்தில் எழுதுங்கள்."

எழுதினேன். மூன்று பக்கம். விதியின் வாசகம், முன்பு நடந்த இரண்டு சம்பவங்கள், விண்ணப்பதாரியின் உடல்நிலை காரணமாக விரைந்த பதிலை வேண்டும் பந்தி, ரீசேர்ட்டின் முன்பக்கப் படம், பின்பக்கப் படம். கச்சேரியை விட்டு வந்தபின் நான் எழுதிய ஆகத் திறமான கடிதம் அது. அதன் ஒரு சொல்லைக்கூட இன்றைக்கும் மாற்றமாட்டேன். அதனால் ஒரு பயனும் இருக்கவில்லை.

இதற்கிடையில் ஜெசிந்தாவுக்கு உண்மை தெரிந்தது. ஒரு கிழமை பிரெண்டனின் அறைப்பக்கம் போகவில்லை.

"நான் சனத்துக்கெல்லாம் மாதாவின்ர சபை எண்டு சொல்லிப்போட்டன், அக்கா! சுவாமியாரிட்டையும் சொல்லிப்போட்டன். அவர் பூசையிலை அயர்லாந்துக்காக மன்றாடினவர்."

"மன்றாட்டு வீண்போகாது."

"பகிடி விடாதையுங்கோ."

ஆனால் அவள் அந்த ரீசேர்ட்டைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். ஒருநாள் மடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டாள்: "அக்கா, இந்த அட்டைக்குப் பின்னாலை நிக்கிறது அவராமே?"

"ஓம்."

"பாவம். அண்டைக்கு நீங்களும் இப்பிடித்தானே நிண்டனீங்கள்?"

சொல்லத் தோன்றிச் சொல்லாமல் விட்டது இதைத்தான். ஊரில் கடைசிச் சண்டை நடந்த நாட்களில் பலேர்மோத் தமிழர் எல்லாரும் துறைமுகப்பக்கத் தெருவால் ஊர்வலம் போனோம். பேப்பர்க்காரன் கமராவோடு ஓடிவந்தபோது எங்களில் பாதிப் பேருக்கு முகம் இல்லாமல் போனது. சிலர் குடையைத் தாழ்த்தினார்கள். நான் பதாகைக்குப் பின்னால் குனிந்தேன். ஊரில் தம்பி இருந்தான். படம் எங்கே போகும், யார் பார்ப்பார் என்று தெரியாது. ஜெசிந்தா என் பக்கத்தில்தான் நடந்தாள். அவளுடைய முகம் அடுத்தநாள் பேப்பரில் முழுதாக வந்தது. "எனக்கு அங்கை ஒருத்தரும் மிச்சமில்லையே, அக்கா" என்று அப்போது சொன்னாள்.

அன்று பின்னேரம் அவள் பிரெண்டனுக்குக் கோப்பி கொண்டுபோனாள். நான் வாசலில் நின்று கேட்டேன். அவளுடைய இத்தாலியன் சந்தையில் படித்தது. அவருடையது புத்தகத்தில் படித்தது.

"சின்யோர், சுரூபம் இல்லாமலும் சுற்றுப்பிரகாரம் போகலாம்தானே?"

"நாங்கள் போனோம்."

"மழையா?"

"டப்ளினில் வேறென்ன?"

அதற்குப்பிறகு அவருக்கு அவள்தான் எல்லாம். ரீசேர்ட்டை அவள் எவரையும் தொடவிடவில்லை.

தலைமை அலுவலகத்துக்குப் பங்குனியில் ஒரு நினைவூட்டல் போட்டேன், சித்திரையில் ஒன்று, வைகாசியில் தொலைபேசி. தொலைபேசியில் கதைத்த பெண், உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்றாள். எது உரிய பிரிவு என்று கேட்டேன். அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றாள். ஒவ்வொரு காலையும் பிரெண்டன் உடுப்பறைக்கு வந்து கதவில் தட்டி, ஒரே ஒரு சொல் கேட்பார்: "ரோமிலிருந்து?" நான் இல்லை என்று தலையாட்டுவேன். பகிடி ஒன்று சொல்லிவிட்டுப் போவார். "ரோம் எங்களைப் பற்றி முடிவெடுக்க எப்போதுமே கொஞ்சம் நேரம் எடுக்கும்." ஆனியில் நடைவண்டி நின்றது, நான் அவருடைய கட்டிலடிக்குப் போய்ச் சொல்லவேண்டி வந்தது. பிறகு அவர் கேட்பதையும் விட்டார். கண்ணை மட்டும் உயர்த்துவார்.

நகரின் பாதுகாவலியான சாந்தா ரொசாலியாவின் திருவிழா வாணவேடிக்கை எங்கள் மேல்மாடியிலிருந்து நன்றாகத் தெரியும். அவரைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டுபோய்ப் பார்க்கவைத்தோம். அதற்கு இரண்டாம் நாள் காலை, கோப்பி வருமுன் இறந்துபோனார்.

வைத்தியர் வந்து போனார். பணிப்பாளர் அயர்லாந்துக்குத் தொலைபேசி எடுத்தார். சகோதரியின் மகனான அந்த மருமகன் மரியாதையான ஆள். தன்னால் உடனே வரமுடியாது என்றும், மாமாவை "ஒழுங்காக" உடுத்தும்படியும், மணிக்கூட்டையும் கடதாசிகளையும் அனுப்பும்படியும், உடுப்புகளை ஏழைகளுக்குக் கொடுக்கும்படியும் சொன்னான். பணிப்பாளர் தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் எழுந்து நிற்கவேண்டிய தேவை இருக்கவில்லை. ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார்.

"பதில் வரவில்லை" என்றார்.

"வரவில்லை."

"அப்படியானால் பையில் இருப்பது."

"பதினான்காம் விதியில் பதிலைப் பற்றி ஒன்றுமில்லை, சின்யோரா. அவர் கேட்டார், எழுத்தில் கேட்டார், உயிருடன் கேட்டார். விதி அவ்வளவுதான்."

"தெரியும்" என்றார். "நூறு தடவை வாசித்துவிட்டேன்." தண்ணிக் கிளாசை எடுத்து, குடிக்காமல் திரும்ப வைத்தார். "ஆனால் கேள்வியைக் கேட்டுவிட்டோம். கேட்டபிறகு பதில் வராமல் நானாகச் செய்ய முடியாது."

அதுதான் உண்மை. கேட்டிராவிட்டால் செய்திருக்கலாம். அலுவலக வாழ்க்கை முழுவதிலும் நான் கண்ட மிகச் சரியான வசனம் அது.

தையலை வெட்டினேன். சாம்பல் சூட் மடிப்புக் குலையாமல் இருந்தது. உடல் விறைக்குமுன் உடுத்தவேண்டும். வலது கையை முதலில், தோளின் கீழ் கை கொடுத்துத் தூக்கி. ஜெசிந்தா மறுபக்கம் நின்றாள். ரீசேர்ட் அவளுடைய கையில் இருந்தது.

"அக்கா, சேர்ட்டுக்குள்ளை போட்டுவிடுவம். ஆர் பாக்கப்போகினம்?"

"அவர் உள்ளுக்கு வேண்டாமெண்டவர்."

"இப்ப அவருக்குத் தெரியவா போகுது?"

"எங்களுக்குத் தெரியும்."

அவள் அதை மடித்துக் கதிரையில் வைத்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, வெள்ளைச் சேர்ட்டின் பொத்தான்களைப் பூட்டினாள். கழுத்துப்பட்டியை நான் கட்டினேன். பத்துமணிக்குச் சிற்றாலயத்துக்கு வரிசை வந்தது. முதலில் வந்த கிழவி எட்டிப் பார்த்து, "வங்கி முகாமையாளர் மாதிரி இருக்கிறார்" என்று மெச்சினாள். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். பலேர்மோவில் அவர் ஒருநாளும் அப்படி இருந்ததில்லை.

ஏழைகளுக்குப் போகவேண்டிய குவியலிலிருந்து ரீசேர்ட்டை நான் கையெழுத்துப் போட்டு எடுத்தேன். என்ன காரணத்துக்காக என்று கேட்கும் இடத்தில் "விசாரணை நிலுவையில்" என்று எழுதினேன். அது பொய்யல்ல.

புரட்டாதி முடிவில் ஓய்வுபெற்றேன். கேக் வெட்டினார்கள். பணிப்பாளர் ஒரு வெள்ளிச் சட்டம் தந்தார். படம் வைக்கலாம் என்றார்.

இறந்தவர்களின் நாளன்று பலேர்மோவில் எல்லாரும் சேமக்காலைக்கு, கல்லறைத் தோட்டத்துக்கு, போவார்கள். நானும் ஜெசிந்தாவும் பிரெண்டனிடம் போவதென்று பேசி, செவ்வந்திப்பூ வாங்கி வைத்திருந்தோம். காலை ஒன்பதரைக்குத் தொலைபேசி அடித்தது. பணிப்பாளர்.

"சின்யோரா, ரோமிலிருந்து பதில் வந்திருக்கிறது."

"வாசியுங்கள்."

வாசித்தார். மேற்படி விதியில் குறிப்பிடப்படும் சங்கம் சமயச் சங்கமாக இருக்கவேண்டியதில்லை. விண்ணப்பதாரியின் வேண்டுகோளுக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. உடை சுத்தமாகவும் அயன் பண்ணப்பட்டும் இருக்கவேண்டும். கடைசி வரியைத் தனியாக வாசித்தார். "'இந்தத் தீர்மானத்தை விண்ணப்பதாரிக்கு நேரில் அறிவித்து, அறிவித்த தேதியைக் குறித்துவைக்கவும்.'"

அவர் இருந்துகொண்டு கதைத்தாரா, எழுந்து நின்று கதைத்தாரா என்று தொலைபேசியில் தெரியாது. கதிரைச் சத்தம் கேட்கவில்லை.

"நான் அறிவிக்கிறேன்" என்றேன்.

அலுமாரியிலிருந்து ரீசேர்ட்டை எடுத்தேன். சுத்தமாகத்தான் இருந்தது. புறம்மாற்றி, படத்தில் சூடு படாமல் மறுபக்கத்தால் தேய்த்தேன். நிபந்தனை நிபந்தனைதான்.

சேமக்காலையில் பிரெண்டன் இருப்பது சுவரில் அடுக்கிய கல்லறை அறைகளில் ஒன்று, கண்மட்டத்தில். பளிங்குப் பலகையில் பெயர். அதன்மேல், இங்கே எல்லாருக்கும் வைப்பதுபோல, பீங்கானில் சுட்ட முகப்படம். இல்லத்துக் கோப்பிலிருந்து எடுத்த படம். அட்டை எதுவும் இல்லை; நேரே பார்க்கிறார். நான் ரீசேர்ட்டின் இரண்டு தோளையும் பிடித்து, அந்த முகத்துக்குக் கீழே விரித்தேன். கடல்காற்றில் அது ஆடியது.

"நேரா பிடியுங்கோ, அக்கா" என்று ஜெசிந்தா கீழ் ஓரத்தை இழுத்துப் பிடித்தாள். இரண்டடி பின்னால் போனவள், திரும்பி வந்து கொஞ்சம் உயர்த்திவிட்டாள். "ஆ, இப்ப சரி. இப்ப ஆள் நிக்கிறார்."

பக்கத்து அறைக்குப் பூ வைக்க வந்த குடும்பம் ஒன்று நின்று பார்த்தது. அந்த வீட்டுப் பெண், இது எந்தச் சபை என்று கேட்டாள். ஜெசிந்தா விளங்கப்படுத்தத் தொடங்கினாள், முதலிலிருந்து, ஒன்றும் விடாமல், சந்தை இத்தாலியனில். நான் பலகைப் பக்கம் திரும்பி, ரோமின் பதிலை ஆங்கிலத்தில் அவருக்கு அறிவித்தேன். அறிவித்த தேதி, நவம்பர் இரண்டு.